பிரிஸ்பேனுக்குப் போய்விட்ட நாகையா திரைக்குப் பின்னாலிருந்து எழுதுவது

சிகடோகா, பிஜி,
ஆகஸ்ட் 1988

மதிப்புக்குரிய மச்சான் யோகேந்திரா அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் நாகையா தலைகுனிந்து எழுதிக்கொள்வது. அவ்விடம் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இவ்விடம் நாங்கள் மூவரும் நலம் என்று எழுதலாம்தான், ஆனால் இவ்விடத்தில் நாங்கள் இருக்கவே கூடாதே. ஊரார் கணக்குப்படி போன சனிக்கிழமை வரை ஆறு வாரமாக நாங்கள் பிரிஸ்பேனில் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தமிழில் எழுதுவதற்குக் காரணம், விஷாலிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டவும் வராது. அப்பனின் மானக்கேட்டைப் பெற்ற மகள் படிக்க வேண்டாம்.

போன வருஷம் ராணுவம் ரெண்டு தடவை ஆட்சியைப் பிடித்ததும் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு குடும்பம் கிளம்பிக்கொண்டே இருக்கிறது. போகிறவர்களுக்கெல்லாம் வழியனுப்பு விழா நம் தகரக்கொட்டகைத் தியேட்டரில்தான். நான் தொப்பி வைத்துக்கொண்டு கௌபாய் பாட்டுப் பாடுவேன், உங்கள் தங்கை உர்மிளா ஆர்மோனியம், விஷாலி கிடார், நடுநடுவே காமெடி. எத்தனை பேரை அழவைத்து அனுப்பியிருப்பேன். அப்படிப்பட்டவனுக்கு நீங்கள், "விசா இன்டர்வியூ சும்மா சடங்கு, மூட்டை கட்டு" என்று எழுதினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை மச்சான், ஆனால் எழுதினீர்கள். நானும் இன்டர்வியூவுக்கு முந்தின சனிக்கிழமையே என் வழியனுப்பு விழாவை நானே வைத்துக்கொண்டேன். கொட்டகை கொள்ளாத கூட்டம். பக்கத்துக் கோரோ கிராமத்திலிருந்து பிஜிக்காரர்கள் பாய் முடைந்து கொண்டுவந்து, யங்கோனா வேர்ப்பொடி கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். தையல்கார பாலசுப்பிரமணி, மேடையில் எனக்கு இருபது வருஷமாக எடுபிடி வேஷம் போடுகிறவர், அண்ணன் முறை வைத்து நான் பாய்யா என்று கூப்பிடுகிறவர், பிரிஸ்பேன் குளிருக்கென்று தன் கையாலேயே ஒரு கோட்டுத் தைத்துக் கொடுத்தார். அந்த மனிதனைத்தான் நான் மேடைக்கு இழுத்து நிறுத்தி, "கயிறு அறுந்தா மாடுகூட ஓடிப்போகும். எங்க பாலசுப்பிரமணி பாய்யா அறுந்த கயித்தைக் கையில பிடிச்சிக்கிட்டு மாட்டுக்கொட்டாயிலேயே நிப்பாரு" என்றேன். கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் அதே ஜோக்கை இன்னொரு தடவை சொன்னேன். என் மேல் எனக்கே அருவருப்பு வருகிற இடம் அதுதான்.

ஊரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மாலை போட்டு சுவாவுக்கு அனுப்பிவைத்தது. அங்கே ஆஸ்திரேலியத் தூதரகத்தில் விசா ஆபீசர் என் ஃபாரத்தைப் பார்த்தார். அதில் நீங்கள் என்னை வெல்டர் என்று எழுதியிருந்தீர்கள். இருபத்திரண்டு வருஷ அனுபவம் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். வார்ப்பிரும்பை ஒட்ட எந்த வெல்டிங் குச்சி பிடிப்பாய் என்று கேட்டார். எனக்கு ஆர்மோனியப் பெட்டியின் ஆணியைக்கூட உர்மிளாதான் அடித்துத் தருவாள். பதில் வராவிட்டால் மேடைக்காரன் என்ன செய்வான், என் தும்மலைப் போட்டேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், வாயைப் பிளந்து, மூக்கை விடைத்து, இதோ வருகிறது இதோ வருகிறது என்று நின்று, மனசுக்குள் மூன்று எண்ணி, "போயிருச்சு" என்பேனே, அது. ஆபீசர் கண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்த ரெண்டு பேரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தேன். சிரித்துக்கொண்டே விசா இல்லை என்று முத்திரை குத்திக் கையில் கொடுத்தார்.

மாலை போட்டு அனுப்பின ஊருக்கு நாலாம் நாள் எந்த முகத்தோடு திரும்புவது. கொட்டுகிற மழையில் மத்தியான பஸ்ஸில் வந்து, ஊருக்கு முன்னாலேயே இறங்கி, தக்காளித் தோட்டத்துக்குள் பெட்டிகளோடு நடந்து, தியேட்டரின் பின்கதவு வழியாக மேடைக்குப் பின்னால் இருக்கிற வேஷம் கட்டும் அறைக்குள் புகுந்தோம். தியேட்டரை பாலசுப்பிரமணியிடம் ஒப்படைத்திருந்தேன், ஆனால் பின்கதவுச் சாவி ஒன்று என் பையில் தங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த அறையில்தான் குடித்தனம். விஷாலி கிடார்க் கம்பிகளைச் சத்தமில்லாமல் அமுக்கிப் பழகுகிறாள். உர்மிளா முக்காடு போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் வருவாள். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை என்றாள்.

மூன்று சனிக்கிழமைக்கு முன்னால் பாலசுப்பிரமணி "பிரிஸ்பேனில் நாகையா" என்று புது நாடகம் போட ஆரம்பித்தார். என் தொப்பி மாதிரியே ஒரு தொப்பி, என் நடை, என் தும்மல். வீட்டிலேயே வேஷம் கட்டிக்கொண்டு வந்ததால் அறைப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவில்லை. நான் திரைக்குப் பின்னால், குதிரை வரைந்த அந்தத் துணிக்குப் பின்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேலி செய்ததைக்கூடப் பொறுத்தேன் மச்சான். அந்த மனிதர் மூக்கை விடைத்த கையோடு நிறுத்தாமல் கொள்ளாமல் "போயிருச்சு" என்றார். முதல் வாரம் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ரெண்டாம் வாரம் போர்வையைக் கடித்தேன். மூன்றாம் வாரம், அதாவது நேற்றைக்கு முன்தினம், அவர் மறுபடி அதே மாதிரி சொன்னதும் என்னை அறியாமல், "மூணு எண்ணு பாய்யா, மூணு எண்ணிட்டுச் சொல்லு" என்று கத்திவிட்டேன்.

கொட்டகை அடங்கிப்போனது. பாலசுப்பிரமணி காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, "பிரிஸ்பேன்லேருந்து போன் வந்திருக்கு. லைன் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க" என்றார். சனங்கள் சிரித்தார்கள். "பாய்யா, அங்க குளிரா? கோட்டுப் பத்துதா?"

"பத்துது பாய்யா. கக்கத்துல கொஞ்சம் பிடிக்குது."

"எப்ப வர்றீங்க?"

மூன்று எண்ணினேன். "வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பனியனும் லுங்கியுமாகத் திரையை விலக்கி வெளியே வந்தேன். ஒரு மனிதர்கூடச் சிரிக்கவில்லை. பாலசுப்பிரமணி என்னைப் பார்த்தார், சனங்களைப் பார்த்தார், தும்மலுக்கு வாயைப் பிளந்தார், சரியாக மூன்று எண்ணி "போயிருச்சு" என்றார். தகரம் அதிரச் சிரித்தார்கள். நான் மட்டும் மேடையிலேயே அழுதேன். பிறகு உள்ளே வந்ததும், "மாடு கயிறுன்னு பேசினேனே, என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அவர் அளவு நாடாவை எடுத்து என் கக்கத்தை அளந்தார்.

சனங்கள் நான் அன்று காலையில்தான் பிளேனில் வந்து இறங்கினதாக நம்புகிறார்கள். பிரிஸ்பேன் எப்படி, உங்கள் பழக்கடை எப்படி என்று கேட்கிறார்கள், நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்படி வெள்ளந்தியான மனிதர்களை ஆறு வாரம் ஏமாற்றிவிட்டு இவர்கள் நடுவே நிமிர்ந்து நடக்க என்னால் ஆகாது. ஆகவே மச்சான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், எந்த விசாவானாலும் சரி, ஆட்டு ரோமம் கத்தரிக்கிற வேலையானாலும் சரி, எங்களைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். முருகன் உங்கள் வீட்டு வாசலில் நின்று காப்பாற்றட்டும், அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
முகம் காட்ட முடியாத
நாகையா

பின்குறிப்பு: அண்ணே, உர்மிளா எழுதறேன். தபாலில் போடக் கொடுத்தார், பிரித்துப் படித்துவிட்டேன். தக்காளித் தோட்டத்துக்குள்ள கௌபாய்த் தொப்பியோட நடந்தவரை யாருக்கு அடையாளம் தெரியாது? மறுநாளே ஊருக்கெல்லாம் தெரியும். மார்க்கெட்டில் என் முக்காட்டைப் பார்த்து, "அக்கா, அவர் இன்னிக்குச் சாப்பிட்டாரா" என்றுதான் கேட்பார்கள். நான் பாலசுப்பிரமணி அண்ணனிடம் போய் அழுதேன். "நாங்க கூப்பிட்டா வெட்கப்பட்டு இன்னும் உள்ள போயிருவாரு, உர்மிளா. தும்மலைத் தப்பா போட்டா தாங்கமாட்டாரு" என்றார். மூன்று சனிக்கிழமை அவர் வேண்டுமென்றே தப்பாகப் போட்டார், சனங்களும் திரைக்குப் பின்னால் இவர் இருப்பது தெரியாத மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணே, இதை மட்டும் அவருக்கு எழுதிவிடாதீர்கள். தெரிந்தால் வெட்கத்தில் நிஜமாகவே ஊரைவிட்டுப் போய்விடுவார்.