இல்லாத மாடி வீடு

மனித குலம் கண்ட உரிமைகளிலேயே உன்னதமானது, அடுத்தவர் மாட்டிக்கொண்ட வழக்கில் நாமாகப் போய்ச் சேர்ந்து, அவர் விட்ட இடத்திலிருந்து தொடரும் உரிமைதான். சோறு, தூக்கம், குடிதண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தப் பேறு எல்லோருக்கும் வாய்க்காது. முதலில் ஒரு வீட்டை வாங்கித் தொலைக்க வேண்டும்.

தையற்காரர் வாங்கினார். மாடி வீடு. "ஜன்னலைத் திறந்தா காத்து பிச்சுக்கும்" என்று விற்றவர் சொன்னது முழு உண்மை. படிக்கட்டு தனக்கே சொந்தம் என்று கீழ்வீட்டுக்காரர் போட்டிருந்த வழக்கை மட்டும், பாவம், மறந்துவிட்டார். பத்திரம் பதிந்த மறுநாளே கீழ்வீட்டுக்காரர் படிக்கட்டுக் கதவில் பூட்டைத் தொங்கவிட்டார். கட்டில் கயிற்றில் ஏறியது. தையற்காரர் ஏணியில் ஏறினார். முழங்கால் வலிக்கார மனைவி ஏறவில்லை.

"படி வரட்டும், நானும் வர்றேன்" என்று அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் இல்லாத வீட்டில் காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு அடித்தது. தையற்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

வக்கீல் தேற்றினார். "எதுக்குக் கலங்குறீங்க? வாங்கினவரைச் சட்டம் கைவிடாது. வித்தவர் இடத்துல உங்களைச் சேர்க்கச் சொல்லி மனு போடுவோம்."

மனு 'பரிசீலனை'யில் கிடந்தது. நீதிபதி மாறினார். ஏணி உளுத்துப்போய் வேறு ஏணி வந்தது. ஒருவழியாக மனு ஏற்கப்பட்டு, தானே தைத்த புதுச் சட்டையில் தையற்காரர் 'பிரதிவாதி'யாக உயர்ந்தார். உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னை உள்ள சேர்த்துட்டாங்க!"

"வீட்டுக்குள்ளயா?"

"முதல்ல கேஸுக்குள்ள."

விசாரணையில் நீதிபதி கேட்டார்: "மேல யாரு இருக்காங்க?"

"நான்தாங்க ஐயா. தினமும் ஏணி வெச்சு..."

வக்கீல் அவர் காலை மிதித்து, காதுக்குள் கிசுகிசுத்தார். "வாயைத் திறக்காதீங்க! மேல ஆளுங்க நடக்குற சத்தம் தாங்கலைன்னு கீழ்வீட்டுக்காரர் சொன்னப்போ, 'மேல வீடே கிடையாது, வெறும் மொட்டைமாடி'ன்னு வித்தவர் இதே கேஸ்ல எழுதிக் குடுத்துட்டார். அவர் இடத்துக்கு வந்த நீங்க அதை மாத்த முடியாது."

"அப்ப நான் எங்கங்க குடியிருக்கேன்?"

"சட்டப்படி எங்கயும் இல்லை."

தீர்ப்பு வந்தது. மேலே வீடே இல்லாததால் படிக்கட்டுக்கு அவசியமில்லை, பூட்டு இருக்கலாம்.

வக்கீல் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பார்த்தீங்களா, நம்ம வாக்குமூலத்தை ஒரு எழுத்து விடாம ஏத்துக்கிட்டாங்க! மேல்முறையீடு இருக்கு. முடியலைன்னா வித்துடுங்க, வாங்குறவர் வந்து தொடரட்டும்."

மறுநாள் கடைக்கு ஒரு புது மாப்பிள்ளை சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். வீடு தேடுவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். தையற்காரரின் வாய் தானாகத் திறந்தது.

"மாடி வீடு ஒண்ணு இருக்கு தம்பி. ஜன்னலைத் திறந்தா காத்து பிச்சுக்கும்."

"கேஸ் கீஸ் எதுவும் இல்லையே, அண்ணே?"

தையற்காரர் அவர் கழுத்தில் அளவு நாடாவைச் சுற்றி, அன்போடு இறுக்கினார்.

"அந்தக் கவலையே வேண்டாம். வாங்குறவரைச் சட்டம் விடவே விடாது."