மூடுவிழாவுக்கு ஒரு மன்றாட்டு

நான் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் வெளியே போகிற வழியைத்தான் தேடுவேன். சினிமாக் கொட்டகையோ கல்யாண மண்டபமோ, எனக்கு ஓரத்து நாற்காலிதான். (பந்தியில் மட்டும் நடுவில் உட்காருவேன். அங்கே தப்பிக்க வேண்டிய அவசியம் இல்லை.) ஆவடியில் நான் வேலை பார்த்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை பழக்கிவிட்ட பழக்கம் இது. ஒவ்வொரு வருஷமும் ஓர் அதிகாரி மேடையேறி, உள்ளே போகும்போதே வெளியே வரும் வழியைப் பார்த்து வையுங்கள் என்பார். அவர் தீ விபத்துக்குச் சொன்னார். நான் அதைத் தொழிலுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவில்பதாகையிலும் வெள்ளானூர்ப் பக்கமும் புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. வீடு என்றால் விழா, விழா என்றால் ஷாமியானா, நாற்காலி, அண்டா. வாடகைப் பாத்திரக் கடை போடலாம் என்று யோசனை சொன்னவள் என் மனைவி ஸ்டெல்லா. நான் அரசாங்கச் சம்பளக்காரன் என்பதால் கடை அவள் பெயரில். கூடமாட உழைக்க அவள் தம்பி சேவியர். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் இருந்தவன், "உன்னை நம்பித்தான் மச்சான் இறங்குறேன்" என்று நான் சொன்ன ஒரே வார்த்தைக்கு அந்த வேலையை விட்டுவிட்டு வந்தான்.

நானோ யாரையும் நம்பாமல், திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வீட்டு நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கடையை விட்டு வெளியேறும் திட்டத்தை எழுதி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு அண்டாகூட வாடகைக்குப் போகவில்லை. அதற்குள் தப்பிக்கும் வழி தயார். (எவ்வளவு தீர்க்கதரிசி பாருங்கள்.)

கத்தோலிக்கர்களான எங்கள் ஆட்கள் கடை திறந்தால் பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அதற்கு முன் ஒருவர் மன்றாட்டுகளை வாசிக்க, ஒவ்வொன்றின் முடிவிலும் கூடியிருப்பவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சேர்ந்து சொல்ல வேண்டும். சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லி, காதுக்கு விஷயம் எட்டுவதற்குள் வாய் சொல்லி முடித்துவிடும். மன்றாட்டுகளை ஸ்டெல்லா அதே நோட்டுத் தாளில் எழுதி என்னிடம் கொடுத்திருந்தாள். அதுவும் நான்காக மடித்து, அதே பையில்.

வாசிக்க வந்தவர், கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருந்த சூசை உபதேசியார். எழுத்தைப் பார்ப்பார், ராகம் போட்டு வாசிப்பார், அர்த்தத்தின் பக்கம் போக மாட்டார். எந்த வரி வந்தாலும் "ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்று தானே சேர்த்து முடிப்பார். பையில் கைவிட்டு அவரிடம் ஒரு தாளை நீட்டினேன்.

"ஆறு மாதத்தில் கடை தேறாவிட்டால் நான் நைசாக விலகிக்கொள்ள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது மொத்தக் கூட்டமும், சாமியார் உட்பட.

பையைத் தடவினால் ஸ்டெல்லாவின் தாள் பத்திரமாக இருந்தது. கையைக் காலை ஆட்டிப் பார்த்தேன். உபதேசியார் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கடையை சேவியர் பெயருக்கு மாற்றி அவன் தலையில் கட்டிவிட வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

இந்த முறை பாதிப் பேர்தான் சொன்னார்கள். மீதிப் பேர் சேவியரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டெல்லா கேட்டால் முதுகுவலி என்று சொல்ல வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

இப்போது எல்லோரும் ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள். ஒரே ஒரு குரல் மட்டும் கணீரென்று "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. அது என் குரல். (பழக்கதோஷம்.)

சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்த்தம் தெளித்தார். கடைக்கு இரண்டு தெளிப்பு, எனக்கு நாலு. ஸ்டெல்லா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. சேவியர் மட்டும் பக்கத்தில் வந்து சன்னமாகக் கேட்டான்.

"நான் பட்டறைல வேலைய வாணாம்னு எழுதிக் குட்த்துட்டு வந்துகீறேன் மாமா. எனக்கு வெளிய போற வழி எதுனா எழுதி வெச்சிகீறியா?"

அந்தத் தாளில் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், அவன் வெளியேறும் வழியைத் தவிர. அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அதைப் போக்கத்தான் வேலை முடிந்து வந்ததும் அண்டா தூக்கினேன். ஐந்தாவது மாதம் முதுகு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. ஊர் கூடி மன்றாடி வாங்கிய வலி அல்லவா! ஆறாவது மாதம் நான் விலகினேன், கடை சேவியர் பெயருக்கு மாறியது. மூன்று மன்றாட்டும் குறையில்லாமல் கேட்கப்பட்டன. என் கை பட்ட வரைக்கும் நொண்டிக்கொண்டிருந்த கடை, அவன் தலையில் கட்டிய பிறகு ஓட ஆரம்பித்தது. இன்றைக்கு அவனிடம் மூன்று வேன்கள் இருக்கின்றன. வீட்டில் நான் எதையாவது புதிதாகத் தொடங்கப் போகிறேன் என்றாலே, பிள்ளைகள் ராகத்தோடு "கேட்டருளும்" என்பார்கள்.

என் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் சேவியருடையதுதான். முன்வரிசை நடுவில் எனக்கு நாற்காலி போட்டிருந்தான். பின்பக்கத் துணியில், என் நாற்காலிக்கு நேராக, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. எதற்கென்று கேட்டேன்.

"உனுக்குத்தான் மாமா. தனியா ஒரு வழி வுட்டுகீறேன்."

அதிலிருந்து எங்கள் வீட்டு விசேஷம் எதற்குப் பந்தல் போட்டாலும் அவன் அந்த இடைவெளியை விட்டுவைக்க மறப்பதில்லை. நானும் கடைசி அண்டா வேனில் ஏறும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.