குரங்கு கொண்டுபோன எலுமிச்சை சாதம்

“...கிளம்பறதுக்குக் காலும் இல்ல, தங்கறதுக்கு முறையும் இல்லைங்க,” என்றார் பெண்ணின் அப்பா, எங்கள் வீட்டு நாற்காலியில் சரிந்தபடி. “சம்பந்தம் பேசி முடிக்காத வீட்டுல ராத்திரி தங்கினா ஊரு இன்னா பேசும்?”

அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான்தான்.

அவலூர்பேட்டையிலிருந்து மகளோடு மாப்பிள்ளையான என் வீட்டைப் பார்க்க வந்திருந்தார். இரண்டு வீடும் ஜைன வீடு. பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. மதியச் சாப்பாடு முடிந்தும் பதில் சொல்லாமல் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கோ பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. மனுஷனை அசத்தியாக வேண்டுமே, கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றேன்.

செஞ்சிக்காரன் கோட்டை ஏறமாட்டான் (பஸ் ஸ்டாண்டிலிருந்தே தெரிவதற்கு எதற்கு ஏறணும்?). நானும் ராஜகிரி உச்சியை அதுவரை கண்டதில்லை. ஆனாலும் அரை மணி நேரம்தான் என்று அடித்துவிட்டேன். நைனா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னை ஒரு மாதிரி பார்த்தார். அம்மா மட்டும், பொழுதோடு சாப்பிடட்டும் என்று எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள்.

அடிவாரத்தில் ஒரு பெரிய கட்டடத்தைக் காட்டி, ராஜா யானை கட்டின இடம் என்றேன். பெண் பக்கத்திலிருந்த பலகையைப் படித்தாள்.

“நெல்லு கொட்டுற களஞ்சியம்னு போட்டிருக்குதுங்க.”

யானையும் நெல்லுதானே தின்னும் என்றேன். அவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். இருமல் என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் கால்வாசி மலைகூட வரவில்லை. அவள் அப்பா உட்கார்ந்த இடத்திலெல்லாம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்; நானும் இதோ, இதோ என்றே ஏற்றிவிட்டேன். உச்சிக்குப் போனதும், எங்கள் தெருவைக் காட்டுகிற ஜோரில் பையை மதில்மேல் வைத்துவிட்டுக் கை நீட்டினேன். ஒரு குரங்கு பையைத் தூக்கிப் பாறைமேல் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, கறிவேப்பிலையைப் பொறுக்கிப் போட்டுவிட்டு நிதானமாகச் சாப்பிட்டது. அவர் குரங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாய்கிற சூரியனைப் பார்த்தார்.

படிக்குப் படி உட்கார்ந்துதான் இறங்கினார். பாதியிலேயே இருட்டிவிட்டது. அதனால் வீட்டுக்கு வந்தும் ஒரு வாய் சாப்பிட முடியாது. பஸ் படி ஏறக் காலும் தூக்க முடியாது. இனி எங்கே பெண் கொடுக்கப்போகிறார் என்று நான் கதவோரம் நின்றேன். அப்போதுதான் அந்த முறைப் பேச்சை எடுத்தார்.

நைனா அவசரப்படவில்லை. “விடிஞ்சதும் இட்லி சூடா இருக்கும்,” என்றார், சுவரைப் பார்த்து.

அந்தக் குரங்குக்கு என் மனைவி ‘தரகர்’ என்று பெயர் வைத்து, இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். அன்றைக்கு இட்லி என்றதும் அவள் அப்பா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். உடனே அவர் என் அம்மாவிடம் வெற்றிலைபாக்குத் தட்டு கேட்டு வாங்கி, உட்கார்ந்தபடியே நைனாவோடு மாற்றிக்கொண்டு, “இப்ப பாயைப் போடுங்க சம்பந்தி,” என்றவர், தலையணை வருவதற்குள் தூங்கிவிட்டார்.