இருபத்தெட்டு கிராம் கௌரவம்

மனித குலம் எடுத்த மகத்தான முடிவுகளில், நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடி வைக்கத்தக்கது துப்பாக்கி சுடும் கிளப்பின் 'தோட்டாத் தேர்வு உயர்மட்டக் குழு' எடுத்த முடிவு. ஆறு மாதம், பதினேழு கூட்டம், ஐந்து பேர். தலைவர் ஓய்வுபெற்ற பதிவாளர். மற்ற நால்வரும் அவருடைய மச்சான்மார். பறக்கும் களிமண் தட்டை இவர்களில் ஒருவர்கூட வாழ்நாளில் சுட்டு உடைத்ததில்லை. நடுநிலை என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

தோட்டாக்களைக் காதோரம் குலுக்கினார்கள். முகர்ந்தார்கள். மேஜையில் அணிவகுக்க வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் தங்க நிறத்தில் மினுங்கிய இருபத்தெட்டு கிராம் தோட்டா ஏகமனதாக வென்றது.

கிளப்பில் சுடத் தெரிந்தவள் ஒருத்திதான். பஸ் ஓட்டுபவள். பத்து வருடமாக, வண்டியை டிப்போவில் விட்ட கையோடு வந்து பழகியவள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் இருபத்தைந்து தட்டுக்கு இருபத்திரண்டை உடைத்தால் தேசிய அணியில் இடம். தேர்வு நான்கு வருடத்துக்கு ஒருமுறை. போன தடவை ஒரே தட்டில் கோட்டைவிட்டிருந்தாள். முடிவைக் கேட்டதும் நேரே குழுவின் முன் போய் நின்றாள்.

"சார், போட்டி விதிப்படி தோட்டாவுல இருபத்துநாலு கிராமுக்கு மேல ஈயம் இருக்கக் கூடாது. எடை போட்டுப் பார்ப்பாங்க."

"நாலு கிராம் கூடப் போட்டா யாரும்மா கோவிச்சுக்கப் போறாங்க?" என்றார் மூத்த மச்சான்.

"கோவிச்சுக்க மாட்டாங்க சார். வெளியே அனுப்பிடுவாங்க."

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "விதி கிடக்கட்டும்மா. கிளப்புக்குன்னு ஒரு கௌரவம் வேண்டாமா?"

'உறுப்பினர் முடிவை மகிழ்வுடன் வரவேற்றார்' என்று குறிப்பேட்டில் ஏறியது.

"செவிடன் காதுல சங்கு ஊதினது போதும். பேசாம உன் தோட்டாவையே கொண்டுபோய்ச் சுட்டுட்டு வா" என்றான் அவள் வீட்டுக்காரன்.

அப்படியே செய்தாள். இருபத்துநாலு தட்டுகள் தூள்! நடுவர் அவள் பையிலிருந்த மீதித் தோட்டா ஒன்றை அறுத்து, ஈயக் குண்டுகளைத் தராசில் கொட்டினார். "இருபத்துநாலு கிராம். சரியா இருக்கு." அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

போட்டோவுக்காகத் தங்கநிறப் பெட்டியோடு ஓடி வந்த தலைவர் திடுக்கிட்டார். "இருக்கவே முடியாது! நாங்க குடுத்தது இருபத்தெட்டு. நல்லா எடை போடுங்க!"

"இருபத்தெட்டா இருந்தா அப்பவே நீக்கியிருப்பேனே சார்?"

"அப்ப இவ எங்களை ஏமாத்தியிருக்கா!"

அன்று மாலையே பதினெட்டாவது கூட்டம். இந்த முறை ஆறு மாதம் தேவைப்படவில்லை. டீ ஆறுவதற்குள் முடிந்தது. குற்றம்: 'குழுவின் தோட்டாவைப் புறக்கணித்து, விதிப்படி ஜெயித்தது'. தண்டனை: உறுப்பினர் நீக்கம். கிளப்பின் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் தேசிய அணியில் சேர முடியாது.

"சார், நான் ஜெயிச்சிருக்கேனே!"

"அதுதாம்மா பிரச்சினையே" என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு.

வாழ்நாளில் ஒரு தட்டைக்கூட உடைக்காத ஐந்து பேரும் அன்றுதான் முதல்முறையாகக் குறி தவறாமல் சுட்டார்கள். விழுந்தது, கிளப்பில் சுடத் தெரிந்திருந்த ஒரே ஆள்.