முப்பத்தொரு காதுகள்

உலகத்தில் படம் எடுப்பவர்கள் உண்டு, படம் பார்ப்பவர்கள் உண்டு. இந்த இரண்டு பேரையும் ஒருவரையொருவர் சந்திக்க விடாமல் நடுவில் ஒரு மூன்றாவது இனம் நிற்கிறது. அதுதான் காகிதம் தடவுபவர். உங்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கும். அழைப்பிதழ் கொடுத்தால் யாருக்கு என்ன விசேஷம் என்று பார்க்கமாட்டார். ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்து, "நல்ல கனம்" என்பார்.

எங்கள் மாடி வீட்டுக்காரர் இந்த இனத்தில் நன்றாக முற்றியவர். கறுப்பு வெள்ளைப் படங்களை வீட்டிலேயே அச்சடிக்க இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினார். அச்சடிக்க வேண்டியது ஒரே ஒரு படம். சிரித்தே பழக்கமில்லாத அவருடைய அப்பா, எப்படியோ ஒரு முறை பல் தெரியச் சிரித்தபோது இவர் எடுத்தது. மூன்று வருட வேலைக்காக வெளிநாடு போகும் தங்கை, "அங்க என் ரூம் சுவத்துல அது ஒண்ணு இருந்தா போதும்ணா" என்று கேட்டிருந்தாள். அப்போது பயணத்துக்கு ஐந்து மாதம் இருந்தது.

ஐந்து மாதம் எந்த மூலைக்கு?

பருத்தியில் செய்தது, மரக்கூழில் செய்தது, வழவழப்பு, சொரசொரப்பு, மினுங்கியும் மினுங்காமலும் இருப்பது என்று மாதிரிக் கட்டுகள் வந்து இறங்க, ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை, டியூப்லைட்டில் ஒரு முறை, கட்டிலுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்து ஒரு முறை பார்த்து, காதோரம் ஆட்டிச் சத்தம் கேட்டு, மோந்து, மை பிடிக்கும் பக்கம் எது என்று அறிய மூலையை ஈர உதட்டில் வைத்து அழுத்தினார். அந்தப் பக்கம் லேசாக ஒட்டுமாம். ஒட்டியது. தபால்காரர் மணியடித்தபோது, உதட்டில் தாள் தொங்கத் தொங்கப் போய்க் கதவைத் திறந்தார்.

வெள்ளை என்று நாம் சொல்லிவிட முடியாது. "இது வெள்ளையே இல்ல. நீலம் வந்து வெள்ளை மாதிரி நடிக்குது" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு விளக்குவார்.

முழுப் படத்தையும் சோதனைக்கு அச்சடிப்பது வீண் என்பது அவர் கொள்கை. கறுப்பின் ஆழம் அப்பாவின் இடது காதுக்குப் பின்னால் விழுந்த நிழலில்தான் தெரியும் என்று, அந்தக் காதை மட்டும் பெரிதாக்கி, ஒவ்வொரு மாதிரித் தாளிலும் அச்சடித்து, பின்புறம் எண் போட்டு, கூடத்தில் கயிறு கட்டி கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். மொத்தம் முப்பத்தொரு காதுகள். அப்பா குனிந்துதான் போய்வர வேண்டியிருந்தது.

"ஏன்டா, இந்த வீட்டுல என் பேச்சை ஒருத்தனும் கேக்கறதில்ல. காது மட்டும் இத்தனையா?"

பயணத்தன்று காலை, வாசலில் டாக்சி வந்து நின்ற பிறகு, பதினேழாம் எண் வென்றது. பெரிய தாளை வைத்துப் பொத்தானை அழுத்தினார். தலைமுடி வந்தது. நெற்றி வந்தது. கண்கள் வந்தன. அற்புதமான இரண்டு காதுகள் வந்தன. மூக்கு வந்ததும் பிரிண்டர் நின்றது. கறுப்பு மை தீர்ந்துவிட்டது. முப்பத்தொரு காதுகளும் குடித்தது போக, சிரிப்புக்கு மிச்சமில்லை. வாய் இல்லாத தாளிலிருந்து அப்பா வழக்கம்போல முறைத்துக்கொண்டிருந்தார்.

தங்கை அதையே பார்த்தபடி நின்றாள். கண் கலங்கியது. பிறகு கயிற்றிலிருந்து ஒரு தாளை உருவிப் பைக்குள் வைத்தாள். "காதாவது என்கூட வரட்டும். அங்க நான் பேசறதைக் கேக்க யாராவது வேணும்ல."

அப்பா தொண்டையைச் செருமினார். "வலது காதா இருந்தா எடுத்துட்டுப் போம்மா. இடது காது எனக்கு ரெண்டு வருஷமா கேக்கறதில்ல."

தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பல் தெரிய, இரண்டாவது முறையாக. கேமரா மேஜையில்தான் இருந்தது. கைக்கு எட்டும் தூரம்.

மாடி வீட்டுக்காரர் படம் எடுத்தாரா? அவர் கயிற்றில் விழுந்திருந்த இடைவெளியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. டாக்சி நகர்ந்ததும் பின்னாலேயே ஓடினார்.

"எந்த நம்பரை எடுத்தே? பின்னாடி பாத்துச் சொல்லிட்டுப் போ!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் உங்கள் கட்டைவிரலைக் கொஞ்சம் அசைக்காமல் வைத்திருங்கள். இவ்வளவு நேரம் அது அங்கே என்ன செய்துகொண்டிருந்தது?