தாம்பரத்துக்கு ஓதம் கிடையாது

தாம்பரத்துக்கும் கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் ஏரியாவில் உல்லாசப் படகோட்டிகள் சங்கம் தொடங்கப்பட்டது. போன வருஷம் எல்லோரும் சைக்கிள் வாங்கினோம். இப்போது அதில் துணி காய்கிறது. இந்த வருஷம் படகு. படகு வருவதற்கு முன்பே கூலிங் கிளாஸும் அரை டிராயரும் வந்துவிட்டன.

சங்கத் தலைவர் வேதசிரோமணி சார். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தகவல் அவருக்கு இன்னும் முறைப்படி போய்ச் சேரவில்லை. முதல் பயணம் சனிக்கிழமை, கோவளம் கழிமுகத்தில் என்று முடிவு செய்துவிட்டு, வானிலையும் ஓதமும் சொல்கிற ஆப் ஒன்றைத் தேர்ந்தெடுக்க சர்ச் ஹாலில் கூட்டம் போட்டார். ஓதம் என்றால் கடல் தண்ணீர் ஏறி இறங்குவது. அன்றைக்குத்தான் நாங்களே தெரிந்துகொண்டோம்.

உண்மையான கவலை ஒருத்தனுக்குத்தான். மெட்டில்டா டீச்சரின் மகன் டெனிஸ், மஸ்கட்டில் வேலை பார்க்கிறவன். லீவு முடிந்து சனிக்கிழமை சாயங்காலம் ஃபிளைட். ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூட்டியில் நிற்காவிட்டால் வேலை போய்விடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள்.

"அம்மா ஆசைப்பட்டாங்கன்னு வரேன் சார். மத்தியானமே கரைக்கு வந்துடணும்."

"முறைப்படி போனா முறைப்படி வந்துடலாம் தம்பி," என்றார் சார்.

முதல் ஆப் சனிக்கிழமை மழை என்றது. சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "சனிக்கிழமைன்னு நாம தீர்மானம் போட்டாச்சு. அதுக்கப்புறம் மழைன்னு சொல்ல இதுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" என்று தள்ளுபடி செய்தார். இரண்டாவதில் ஒரே அம்புக்குறியும் கலருமாக இருந்தது. தலை சுற்றுகிறது என்று டீச்சர் சொன்னதால் அதுவும் போயிற்று. மூன்றாவதில் ஒரு சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. "இதுல ஒரு ஒழுங்கு இருக்கு," என்றார் சார்.

"சார், இப்பவும் வெயில்னுதான் காட்டுது. வெளியே கொட்டுது, ஜன்னல்ல பாருங்க!" என்றான் டெனிஸ்.

"ஜன்னலை யாரும் பரிசீலனைக்கு முன்மொழியலையேப்பா."

நியாயம்தானே? சாரல் வேறு அடித்தது. நான்தான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

அடுத்து ஓதம். கோவளம் என்று போடச் சொன்னான் டெனிஸ்.

"அதெப்படி? சங்கத்தோட பதிவு முகவரி தாம்பரம். கோவளம் நம்ம எல்லைக்குள்ள வராது."

தாம்பரம் என்று போட்டார். 'இந்த இடத்துக்கு ஓதம் கிடையாது' என்று வந்தது.

"ஆச்சா? கிடையாதுன்னு எழுத்துப்பூர்வமாவே சொல்லிடுச்சு. அப்புறம் என்ன பயம்?"

ஏகமனதாகக் கைதட்டினோம். "சார், அது தாம்பரத்துக்கு!" என்று டெனிஸ் எழுந்தான். டீச்சர் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "சும்மா இருடா. பெரியவங்களுக்குத் தெரியாதா?"

சனிக்கிழமை நல்ல வெயில். சாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கழிமுகத்தின் உள்ளே வெகுதூரம் போய், ஒரு மணல் திட்டருகே நின்று ஆசைதீர செல்ஃபி எடுத்தோம். திரும்பலாம் என்று பார்த்தால் படகு அசையவில்லை. சுற்றிலும் சேறு. தண்ணீர் தூரத்தில் எங்கேயோ பளபளத்தது.

சார் போனைப் பார்த்தார். ஓதம் கிடையாது என்றே இருந்தது.

"அப்ப இது ஓதம் இல்லை. வேற ஏதோ," என்றார்.

"என்ன சார் வேற ஏதோ? தண்ணியே போயிடுச்சு!" என்று கத்திக்கொண்டே டெனிஸ் கீழே குதித்தான். தொடை வரைக்கும் புதைந்தான். எல்லோரும் சேர்ந்து இழுத்ததில் ஆள் வந்தான், ஒரு செருப்பு வரவில்லை. கரையிலிருந்து யாரும் கிட்டே வர முடியவில்லை.

சாயங்காலம் தலைக்கு மேலே ஒரு விமானம் மேற்கே போயிற்று. டெனிஸ் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். டீச்சர் வாய்விட்டு அழுதார். சார் வாட்சைப் பார்த்தார்.

"பரவாயில்லையே, கரெக்ட் டைமுக்கு எடுத்துட்டானே!"

இருட்டிய பிறகு, எந்தத் தீர்மானமும் போடாமல் தண்ணீர் தானாகத் திரும்பி வந்தது.

டெனிஸின் வேலை போயிற்று. அடுத்த கூட்டத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தோம். ஆப்புக்கு ஐந்து ஸ்டார் கொடுத்தோம். வெயில் என்றது, வெயில் அடித்ததே! கையில் நிறைய நேரம் உள்ள இளைஞர் என்பதால் டெனிஸையே கருவித் தேர்வுக் குழுவுக்குத் தலைவராக்கினார் சார். வழிமொழிந்தது நான்.

டெனிஸ் நாற்காலியில் உட்கார்ந்து கூலிங் கிளாஸைக் கழற்றி மேசையில் வைத்தான். பட்ட அடியில் எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்திருந்தது. "இந்தத் தடவையாவது கோவளத்துக்கு ஓதம் பார்த்துடலாமாப்பா?" என்று கேட்டேன்.

டெனிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"கோவளம் நம்ம எல்லைக்குள்ள வராது, தனசிங் அண்ணா. சாரல் அடிக்குது, அந்த ஜன்னலைச் சாத்துங்க."

போய்ச் சாத்தினேன்.