பிரசங்கத்தின் நடுவே ஒரு பற்றரி

அதிகம் கவனமாக இருக்கிறவர்கள்தான் பெரிய பிழை விடுவார்கள். சந்தேகமிருந்தால் என்னைப் பாருங்கள். மன்னாரில் தாதியாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கவனம் அவ்வளவு முற்றிப்போயிருந்தது. (திமிர் என்றும் சொல்வார்கள்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சூசைதாஸ் அண்ணையை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடற்றொழிலாளி. அவருடைய இதயம் தானாக அடிக்க மறுத்துவிட்டது. கழுத்து வழியாக உள்ளே போன வயரும், அதன் மறுமுனையில் இருந்த கைக்கடக்கமான பெட்டியும்தான் அதை அடிக்க வைத்துக்கொண்டிருந்தன. பெட்டி ஓடுவது ஒரேயொரு ஒன்பது வோல்ட் பற்றரியில். அது நின்றால் அண்ணையும் நின்றுவிடுவார்.

மேலதிகப் பற்றரியை ஒரு புடவைக்கடைப் பையில் நானே சுற்றி வைத்தேன். அந்த நேரம் பார்த்து என் மனுசன் வந்து நின்றார். கையில் அதே கடைப் பை.

"யாழ்ப்பாணம் போறீர். அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடயோ போறது? கட்டாக் கருவாடு."

"நான் உயிரைக் காப்பாத்தப் போறன், கருவாடு காவப் போகேல்லை!" என்று சீறினேன். சீறிவிட்டு வாங்கிக்கொண்டேன். (மன்னாரிலிருந்து கருவாடில்லாமல் போனால் மச்சாள் முகம் கொடுத்துப் பேசமாட்டா.) ஆனாலும் நோயாளியோடு கருவாடு போவது சரியில்லை என்று மனச்சாட்சி குத்தியது. ஆகவே ஒரு பையை வார்ட்டு மேசையில் விட்டுவிட்டுத்தான் அம்புலன்சில் ஏறினேன்.

இலுப்பைக்கடவை தாண்டியதும் பெட்டியில் சின்ன விளக்கொன்று மினுங்கியது. பற்றரி இறங்குகிறது.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, எல்லாம் கையில இருக்கு," என்று அண்ணையின் மனைவி திரேசம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே பைக்குள் கையை விட்டேன். கருவாடு!

படுத்திருந்த அண்ணை மூக்கை உறிஞ்சினார். "கட்டாவோ மிஸ்? நல்லாக் காஞ்சிருக்கு."

வழியில் நிறுத்திய கடையில் பெட்டிக்குப் பொருந்தாத டோர்ச் பற்றரிதான் இருந்தது. திரேசம்மா செபமாலையை எடுத்துவிட்டா. அவவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் தெருவோரக் கோயிலிலிருந்து ஒலிபெருக்கியில் ஞாயிறு பூசைப் பிரசங்கம் கேட்டது. என் மனுசன் கோயில் பாடகர் குழுவில் இருக்கிறவர். வயரில்லாத மைக்குக்குப் போட இதே பற்றரி வாங்க என்னை எத்தனை தரம் கடைக்குக் கலைத்திருக்கிறார்!

"நிப்பாட்டுங்கோ!" என்று சாரதியிடம் கத்தினேன். சப்பாத்தையும் கழற்றாமல், சனத்தின் நடுவால் பீடத்தில் நின்ற குருவானவரிடம் ஓடினேன்.

"சுவாமி, மைக்கைத் தாங்கோ!"

"பிள்ளை, பூசை முடியட்டும்..."

"அதுக்குள்ள ஆள் முடிஞ்சிடுவார் சுவாமி!"

ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கச் சொன்னது. சுவாமி மறுபேச்சில்லாமல் மைக்கைத் திறந்து பற்றரியைத் தந்தார். நானோ (ஏனென்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்) கையிலிருந்த கருவாட்டுப் பையை அவரிடம் நீட்டிவிட்டுத் திரும்பி ஓடினேன்.

பழைய பற்றரியைக் கழற்றினால் பெட்டி சில விநாடிகள்தான் தாங்கும். கழற்றினேன். திரேசம்மாவின் செபம் நின்றது. புதியதைத் தலைகீழாகப் போட்டு, என்னை நானே ஏசிக்கொண்டு, திருப்பிப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது.

"இன்னும் இருக்கிறன் மிஸ்," என்றார் அண்ணை. நான் வாய்விட்டு அழுதேன்.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு நிரந்தரமாக ஒரு கருவியை உள்ளே வைத்தார்கள். திரும்பவும் கடலுக்குப் போகிறார். அந்தக் கோயிலில் இப்போதும் மைக் இடையில் நின்றால் "மிஸ் வந்திட்டா" என்று சனம் சிரிக்கும். எங்கள் வீட்டில் டிவி ரிமோட் நின்றாலும் அதே பகிடிதான். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்ய?

திரேசம்மா மட்டும் சிரிப்பதில்லை. ஒவ்வொரு திருநாளுக்கும் பஸ் பிடித்து அந்தக் கோயிலுக்குப் போய், புதுப் பற்றரி ஒன்றைச் சுவாமியின் கையில் கொடுத்துவிட்டு வருவா.

"மைக்குக்குப் போட்டிடாதேங்கோ சுவாமி. இது றோட்டால போறவைக்கு."